ஐந்தாவது ஏன்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முனிராஜ் தன் இடக்கையைத் தூக்கிக் காட்டுவான். அந்த வாரம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லாத கை. பார்த்த மாத்திரத்தில் சளசளப்பு அடங்கிவிடும்.

“இது யார் கை? என் கை. தப்பு யாருது? என் தப்பு. பெடல் மேல காலு இருந்தது எனக்கே தெரியல. ஏன் தெரியலன்னா, மனசு அங்க இல்ல.”

இதையே தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம் சொல்வான். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை நடத்த மூன்றும் வேண்டியிருக்கிறது. ஆறு வருஷமாக ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இப்படிச் சொல்லி வந்தான். வயிற்றுப் பிழைப்புக்காகப் பொய் சொல்கிறான் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். முழு மனதோடு நம்பித்தான் சொன்னான். வினையே அதுதான்.

அவன் பிறந்தது உத்தனப்பள்ளிக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊரில். அப்பா ராமப்பன் அடுத்தவர் தக்காளித் தோட்டத்தில் கூலி. தோட்டத்தில் எது கெட்டுப்போனாலும், யார் செய்தது என்று தோட்டக்காரர் கேட்டு முடிப்பதற்குள் ராமப்பன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் தப்புதான் சாமி என்று முன்னால் போய் நின்றுவிடுவார். ஒருமுறை தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அன்றைக்கு ராமப்பன் ஊரிலேயே இல்லை, ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அதற்கும் என் தப்புதான் என்றார். பன்னிரண்டு வயசு முனிராஜுக்கு ரத்தம் கொதித்தது. ஊரிலேயே இல்லாத மனுஷன் எப்படி மோட்டாரை எரித்தான் என்று அப்பாவிடமே கேட்டான். “அவருக்கு ஒரு ஆளு வேணும்டா. நானே இருந்துட்டுப் போறன்” என்றார் அவர்.

அந்தப் பதிலை அவனால் மன்னிக்கவே முடியவில்லை. ஐடிஐ படித்துவிட்டு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அவனுக்குப் பிடித்துப்போனது சம்பளம்கூட இல்லை, அளவு பார்க்கும் கருவிதான். செய்த துண்டைக் கருவியில் வைத்தால் சேரும், இல்லாவிட்டால் சேராது. அது முதலாளி மகன் செய்ததா ராமப்பன் மகன் செய்ததா என்று கருவி கேட்பதில்லை. இங்கே ஆளுக்கு ஒரு நியாயம் கிடையாது, எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது, தாளில் காரணம் இருக்கிறது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வான்.

அந்தத் தாள்களில் ஒன்றுக்கு வொய்-வொய் ஷீட் என்று பெயர். விபத்தோ பழுதோ நடந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். முதல் ஏனுக்கு வந்த பதிலின்மேல் இரண்டாவது ஏன், அதற்கு வந்த பதிலின்மேல் மூன்றாவது. ஐந்தாவது ஏனில் உண்மையான வேர் கையில் வந்துவிடுமாம். நல்ல முறைதான். யார் கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள், பேனா யார் கையில் இருக்கிறது என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் கட்டம் போடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை முனிராஜ் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்தான். இரும்புத் தகட்டை அச்சில் வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து ஓர் அடி விழும். காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் கையை விட்டு, வந்த துண்டை எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டாயிரம் தடவை இதே வேலை. அன்று மத்தியானம் கை உள்ளே இருக்கும்போது அடி இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் பாஸ்கரன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது அவர் இன்ஜினியர், இப்போது மேனேஜர். தஞ்சாவூர்க்காரர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். சாத்துக்குடியோடு வொய்-வொய் ஷீட்டும் கொண்டு வந்திருந்தார், கண்கூடக் கலங்கியிருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் முனிராஜ் தப்பித்திருப்பான். முதல் ஏன், விரல் ஏன் போனது? கை உள்ளே இருந்தபோது பிரஸ் இறங்கியது. இரண்டாவது, ஏன் இறங்கியது? அந்த இடத்தில் முனிராஜ் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்பது தாளில் இல்லை. மெஷினுக்கு மனசு கிடையாது முனிராஜ், தானாக அது எதுவும் செய்யாது, அன்று காலைச் சோதனைத் தாளில்கூடச் சரி என்று டிக் இருக்கிறது, அப்படியானால் மிதித்தது யார் என்று பாஸ்கரன் பரிவோடு கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. மிதித்தது ஏன், கவனம் இல்லை. கவனம் ஏன் இல்லை? காலையில் வீட்டில் சண்டை. சண்டை ஏன்? மகளுக்கு முனீஸ்வரனிடம் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு இரண்டு வருஷமாகத் தள்ளிப் போகிறது, இந்த வாரமாவது லீவு போடு என்று மனைவி முனிலட்சுமி கேட்க, முடியாது என்று இவன் எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தான். ஐந்தாவது கட்டத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதி, கீழே முனிராஜிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மிதித்திருப்பேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னான். ஒரு மாதத்தில் அது மிதித்தேன் என்று ஆயிற்று. வருஷம் திரும்புவதற்குள் கண்ணை மூடினால் பாதத்துக்கு அடியில் பெடலின் ரப்பர் அமுங்குவது தெரிந்தது. மனம் இருக்கிறதே, அது ரொம்ப மரியாதை தெரிந்த பிராணி. பெரியவர்கள் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் அங்கேயே பிறந்து வளர்ந்தது போலப் பேச ஆரம்பித்துவிடும்.

வேலையை விட்டு அனுப்பாமல் பாதுகாப்புப் பிரிவில் போட்டார்கள். மூன்று பாஷையிலும் ஏன், எந்துக்கு, யாக்கே என்று கேட்கத் தெரிந்தவன் என்பதால் வொய்-வொய் ஷீட் அவன் கைக்கே வந்து சேர்ந்தது. பதினோரு பேருக்கு எழுதியிருக்கிறான். பதினொன்றும் ஐந்தாவது கட்டத்தில் யாராவது ஒருவரின் வீட்டுக்குள் போய்த்தான் முடிந்திருந்தன. குடி, கடன், தூக்கமின்மை, மாமியார். ஒன்றுகூட மெஷினில் முடிந்ததில்லை. அது அவன் கண்ணில் படவில்லை, வேறு யார் கண்ணிலும் படவில்லை.

போன ஜனவரியில் லாவண்யாவுக்கு அடிபட்டது. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இருபத்தொரு வயசு, வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதே ஏழாம் நம்பர் பிரஸ். இடைப்பட்ட வருஷங்களில் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இடக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

வியாழக்கிழமை முனிராஜ் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள்.

“அண்ணே, நான் மிதிக்கலண்ணே. காலைக் கீழ வச்சுட்டுத்தான் கைய விட்டேன். அதுவா இறங்கிருச்சு.”

முனிராஜ் தலையை மட்டும் ஆட்டினான். எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்பது அவனுடைய அனுபவம். மெஷினுக்கு மனசு கிடையாதும்மா என்று ஆரம்பித்தான். தன் கையைக் காட்டினான். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். அதட்டவே இல்லை. ஒரு தங்கையிடம் பேசுவது போலத்தான் கேட்டான். சனிக்கிழமை அவள் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். அன்று காலை அம்மா போன் செய்து, மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், வேலையை விட்டு வா என்று சொல்லியிருக்கிறாள். இவள் வரமாட்டேன் என்று கத்தியிருக்கிறாள். முனிராஜுக்கு வேர் கிடைத்துவிட்டது. ‘தாயாருடன் தொலைபேசியில் மனவருத்தம்’ என்று ஐந்தாவது கட்டத்தை நிரப்பினான். திங்கட்கிழமை அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் பிதுக்குப் பருப்பு வேலை நடந்தது. ஊறவைத்த அவரைக் கொட்டையை விரலால் அமுக்கித் தோலைப் பிதுக்க வேண்டும், பொறுமை போய்விடும். முனிலட்சுமி முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு பிதுக்கினாள். அவள் அவனுக்கு அக்கா மகள், சின்ன வயசிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள். அவனும் எட்டு விரலால் தன்னாலானதைச் செய்தான். பேச்சுவாக்கில் லாவண்யா கதையைச் சொன்னான். தானாக இறங்கியது என்று சாதிக்கிறாள் பார், எல்லோருக்கும் மெஷின்தான் கிடைத்தது என்று சிரித்தான். முனிலட்சுமி சிரிக்கவில்லை.

“நீயும் அதைத்தான மாமா சொன்ன.”

நான் எப்போது சொன்னேன், உளறாதே என்றான். அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆட்டோவில் சொன்னாய், ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது சொன்னாய், மயக்கம் தெளிந்ததும் சொன்னாய் என்று அடுக்கினாள். நான் மிதிக்கவில்லை, தானாக வந்தது, தானாக வந்தது என்று நூறு தரம் சொன்னாயே என்றாள். வேண்டுதலை மறந்ததற்கு முனீஸ்வரன்தான் இறக்கிவிட்டார் என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டியிருந்தாள். அதை இவனிடம் சொன்னபோது, அது ஃபேக்டரி, பேய் வீடு இல்லை, இனி இந்தப் பேச்சை எடுத்தால் பார் என்று கத்தியிருக்கிறான். கத்தியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. எதற்காகக் கத்தினோம் என்பது இல்லை.

“சும்மா சாமி சாமின்னு கதை கட்டாத” என்றான்.

அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்திராதவள், பெடல் வட்டமா சதுரமா என்று அறியாதவள், சுவரோரமாக நின்று வலது காலை முன்னால் அமுக்கினாள். பிறகு குதிகாலைத் தூக்கி, வெளிப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தி, தரையில் அழுத்தி வைத்தாள். பிரஸ்காரன் காலை எடுக்கிற விதம் அச்சு அசல் அதுதான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஒரு சாண் வராது.

“கட்டில்ல படுத்துக்கிட்டு இப்பிடியே பண்ணிட்டு இருந்த. இப்பிடித்தான் எடுத்தன், இப்பிடித்தான் வெச்சன்னு. கையில கட்டு, காலு மட்டும் நிக்கல. நான்தான் புடிச்சிட்டு உக்காந்திருந்தன். அப்பறம் அந்த சார் வந்து எழுதினாரு. அதுக்கப்பறம் காலு ஆடல.”

அவள் குரல் உடைந்துவிட்டது. நான் சண்டை போட்டதால் விரல் போனது என்று தாளிலேயே எழுதிவிட்டார்கள், நீயும் தலையை ஆட்டினாய், ஆறு வருஷமாக உன் விரலை நான்தான் வெட்டினேன் என்று நினைத்துக்கொண்டு உனக்குச் சோறு போடுகிறேன் என்றாள். பதினைந்து வருஷக் குடும்பத்தில் இப்படி ஒன்று அவளுக்குள் கிடந்தது அவனுக்குத் தெரியாது. வெட்கத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒன்று. அவள் அவ்வளவு சொல்லியும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தான். பாதத்துக்குக் கீழே பெடல்தான் அமுங்கியது. தான் பார்த்ததைத் தானே தொலைத்துவிட்டோம், அது முனீஸ்வரன் பெயரைச் சொல்லிக்கொண்டு இவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அவளும் அதைச் சாமி செயல் என்று நினைத்ததால்தான் விடாமல் வைத்திருந்தாள். இல்லாவிட்டால் ஊரோடு சேர்ந்து அவளும் மறந்திருப்பாள்.

திங்கட்கிழமை வகுப்பை அவன் எடுக்கவில்லை. வேறொருவரை எடுக்கச் சொல்லிவிட்டுப் பராமரிப்புப் பிரிவுக்குப் போய்க் கரியப்பனைப் பார்த்தான். ஆனேக்கல்லிலிருந்து தினமும் கர்நாடக எல்லை தாண்டி வருகிற மூத்த ஃபிட்டர் அவர். ஏழாம் நம்பர் தானாக இறங்குமா என்று கேட்டான். கரியப்பன் டீயைக் கீழே வைத்தார். கிளட்சுக்குள் அடியை ஒரு தடவையோடு நிறுத்தும் சாவிக்கட்டை தேய்ந்திருக்கிறது, சூடேறினால் எப்போதாவது ஒருமுறை கூடுதலாக அடிக்கும், பத்து வருஷமாக அப்படித்தான் என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். சோதனைத் தாளில் எப்படிச் சரி என்று டிக் போடுகிறீர்கள் என்று இவன் கேட்டான். சரியில்லை என்று போட்டால் மெஷினை நிறுத்த வேண்டும், நிறுத்த நான் யார் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்கிட்ட யாரும் ஏன்னு கேக்கலயே முனிராஜு.”

இதை எழுதித் தருவீர்களா என்றதற்கு, ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது என்று டீயை எடுத்துக்கொண்டார்.

பாஸ்கரன் அறையில் முனிராஜ் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் மேஜையைப் பார்த்தபடி கேட்டார். எனக்கும் விரல் அப்படித்தான் போனது சார் என்றபோது மட்டும் நிமிர்ந்தார். உனக்கு இப்போது அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, என் மனைவிக்கு இருக்கிறது என்றான் முனிராஜ். சொல்லும்போதே அது எவ்வளவு நோஞ்சானாக ஒலிக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. ஆறு வருஷமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்னால் கையைத் தூக்கி வேறு மாதிரிச் சொன்னாயே, இதில் எதை நான் மேலே எழுதுவது என்று பாஸ்கரன் வருத்தத்தோடுதான் கேட்டார். பிறகு ஒரு வழியும் காட்டினார். அடிபட்டவள் வாக்குமூலம்தான் அடிப்படை. தானாக இறங்கியது என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், இன்றைக்கே மெஷினை நிறுத்திப் பிரித்துப் பார்க்க உத்தரவு போடுகிறேன் என்றார். அந்த மனுஷன் சொன்னால் செய்வார், அதில் சந்தேகமில்லை.

வெளியே வந்தபோது ஏழாம் நம்பரில் வேறொரு பெண் உட்கார்ந்து தகடு வைத்துக்கொண்டிருந்தாள். முனிராஜ் நின்று அவள் காலைப் பார்த்தான். ஒழுங்காகத்தான் எடுத்து வைத்தாள். அடி விழுந்தது, கை உள்ளே போனது, கை வெளியே வந்தது. அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் பைக்கில் பறந்தான். லாவண்யாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வார்டன் அம்மா வாசல் பக்க அறையில் அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டுப் போனாள். தலையணைபோல் பெரிய கட்டு கையில், முகம் சுண்டிப்போயிருந்தது. முனிராஜ் மூச்சு விடாமல் சொன்னான். கரியப்பன் சொன்னதை, மேனேஜர் சொன்னதை, தன் மனைவி சுவரோரம் நின்று காட்டியதை. நீ முதல் நாள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு கையெழுத்துப் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அவள் தாளைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

“இல்லண்ணே. நானும் யோசிச்சுப் பாத்தேன். நான்தான் மிதிச்சிருக்கேன். அம்மா பேசுனதுல புத்தி அங்கயே கெடந்திருக்கு.”

“மொத நாளு காலைக் கீழ வெச்சன்னு சொன்னல்லம்மா?”

“பயத்துல சொல்லிருப்பேண்ணே. இப்பக் கண்ண மூடுனா பெடல்தான் கால்ல படுது.”

மூன்று நாள். தனக்கு ஒரு வருஷத்தில் நடந்ததை இந்தப் பெண்ணுக்கு மூன்றே நாளில் செய்து முடித்திருக்கிறோம், அவ்வளவு கைதேர்ந்தவனாகிவிட்டோம் என்று முனிராஜுக்கு உறைத்தது. நான்தாம்மா உனக்கு அப்படித் தோன்ற வைத்தேன், என் பேச்சை நம்பாதே என்று கெஞ்சினான். எனக்கும் இப்படித்தான் பெடல் தெரிகிறது, ஆனால் அது உண்மையில்லை என்றான். சொல்லச் சொல்ல அவள் பார்வையில் ஓர் இரக்கம் வந்தது. பெரிய மனசு பண்ணித் தனக்காக இவர் ஏதோ கதை கட்டுகிறார் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

“எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்ணே. நடக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன். அந்தப் பழைய தாளக் குடுங்க, அதுல போடுறேன். அதுதான் நெசம்.”

வலது கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து கட்டமும் நிரம்பிய அந்தத் தாள் முனிராஜின் சட்டைப் பைக்குள் நான்காக மடித்துக் கிடந்தது.

அது என்னிடம் இல்லையம்மா, தொலைந்துபோய்விட்டது என்றான். ஆறு வருஷத்தில் அவன் தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுதான்.